நாலாவது நடையில் திக்கிய பிக்கப்: ஏற்காடு மலைப்பாதையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாகலூர் பக்கம் ஏழு ஏக்கர் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் பிக்கப் இது. 2006 மாடல். நாலு சிலிண்டர் டீசல் என்ஜின், டர்போ கிடையாது, இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்). சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி என்பதால் ஸ்கேனர் போட்டுப் பார்க்க வழியில்லை. கண், காது, கை இந்த மூன்றையும் வைத்துத்தான் பழுதைத் தேட வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று நடை சேலம் வந்து போகும். மேலே போகும்போது உரமூட்டை, சிமென்ட், மளிகை. கீழே வரும்போது காபி, மிளகு, சில்வர் ஓக் கட்டை. ஓட்டுநர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பதினோரு வருடமாக இதே வண்டியை ஓட்டுகிறார். வண்டியின் சத்தத்தை அவரைப் போல அறிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் இந்தப் பழுது மூன்று மாதம் பிடிபடவில்லை. என்னையும் சேர்த்து மூன்று பட்டறைக்காரர்கள் தவறவிட்டோம். மலைப்பாதையில் பழைய டீசல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வண்டி என்னிடம் வருவதற்கு முன்

2023 ஆகஸ்ட் கடைசியில் முதல்முறை திக்கியது. அடிவாரம் தாண்டி ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தும் என்ஜின் எடுக்கவில்லை. இரண்டு மூன்று தடவை ஜெர்க் அடித்து, பிறகு பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது. டீசலில் தூசி என்று நினைத்து ஏற்காட்டில் ஃபில்டர் மாற்றினார்கள். 900 ரூபாய். வண்டி நன்றாக ஓடியது, பத்து நாளைக்கு.

மறுபடி திக்கியபோது சேலத்தில் ஒரு பம்ப் கடைக்குக் கொண்டுபோனார்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாலு நாசிலையும் கழற்றிச் சோதித்து, சர்வீஸ் செய்து பூட்டினார்கள். 6,400 ரூபாய். மறுபடியும் பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாவது முறை போனபோது, இனி பம்பை முழுதாகப் பிரித்து எலிமென்ட் (டீசலை அழுத்தும் உள்பாகம்) மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடையைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்தது பம்பும் நாசிலும்தான். அதை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்த வாரம் வண்டி கோரிமேட்டில் உள்ள என் பட்டறைக்கு வந்தது. மிளகு விற்ற பணத்தைப் பம்புக்கென்றே எடுத்து வைத்திருந்தார் உரிமையாளர். "பம்பைக் கழட்டித்தான் ஆகணும்னா கழட்டிருங்க. காபி பறிக்கற நேரம் வந்துருச்சு, நடு மலைல நின்னா என்னால தாங்க முடியாதுங்க" என்றார்.

ஏன் இதை அவசரமாக எடுத்துக்கொண்டேன்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சமவெளியில் என்ஜின் திக்கினால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு டன் உரத்தோடு வளைவின் உள்பக்கம் ஏறும்போது என்ஜின் நின்றுபோனால் வண்டி பின்னால் உருளப் பார்க்கும். இந்த மாதிரி டீசல் வண்டிகளில் பிரேக் மிதிக்குத் துணைபுரியும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை (உறிஞ்சு விசையை) என்ஜின் ஓட்டத்தில்தான் எடுக்கிறோம். என்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதி வரைக்கும் பூஸ்டர் துணை இருக்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும்.

செப்டம்பரில் ஒரு நாள் இப்படி நின்றபோது, கூட இருந்த பையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறான். ஓட்டுநர் பானெட்டைத் திறந்து கைப்பம்பை அடித்து, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி, மறுபடி கிளப்பியிருக்கிறார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

முதல் நாள் பார்த்தவை

காலையில் குளிர்ந்த என்ஜின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. சூடானபின் அணைத்துப் போட்டும் உடனே கிளம்பியது. ஐடிலிங் சீராக இருந்தது. பம்ப் எலிமென்ட் தேய்ந்திருந்தால் சூடான என்ஜின் கிளம்ப அடம் பிடிக்கும். அந்த அறிகுறி இங்கே இல்லாததால் பம்பின் மேல் எனக்குச் சந்தேகம் குறைந்தது.

ஏர் ஃபில்டர் சுத்தம். டேங்க் மூடியைத் திறந்தபோது காற்று இழுக்கும் சத்தம் வரவில்லை, ஆகவே மூடியின் மூச்சுத் துளை அடைக்கவில்லை. டீசல் மீட்டரின் முள் மட்டும் கீழே விழுந்தபடியே கிடந்தது. "அது ரெண்டு வருஷமா வேலை செய்யல தம்பி, நாலு நடைக்கு ஒருவாட்டி டேங்க் ஃபுல் பண்ணிருவேன்" என்றார் ஓட்டுநர். அந்த வாக்கியத்துக்குள்தான் விடை முழுவதும் இருந்தது. நான் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அப்புறம், 800 கிலோ மூட்டை ஏற்றி மலைக்கு எடுத்துப் போனோம். நாலாவது வளைவிலேயே திக்கியது. ஒரு பையனைப் பைக்கில் பின்னால் வரச்சொல்லி, புகையை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். திக்கும்போது கரும்புகை இல்லை என்றான். பிடித்துக்கொள்ளும்போது மட்டும் வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு கொத்துப் புகை வந்ததாம்.

இது முக்கியமான தகவல். "மேலே காற்று கம்மி, பழைய வண்டி அப்படித்தான் இழுக்கும்" என்று பலர் சொல்வதுண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு போலக் குறையும் என்பது உண்மைதான். டர்போ இல்லாத என்ஜினின் இழுவை அதனால் குறையும். ஆனால் அப்போது டீசல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருக்கும், கரும்புகை தள்ளும். குறைவதும் படிப்படியாகத்தான் குறையும், ஜெர்க் அடிக்காது. கரும்புகையே இல்லாமல் திக்கினால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை என்று பொருள். பிடிக்கும்போது வரும் வெளுத்த புகை, சரியாக எரியாத டீசல்.

கேன் வைத்துப் பார்த்தது

டீசல் ஏன் போகவில்லை என்பதற்கு இரண்டு பக்கம் தேடலாம். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். ஃபீட் பம்பைத் தாண்டி ஃபில்டர், பம்ப், நாசில் எல்லாம் அழுத்தப் பக்கம். அழுத்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து நமக்குக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். லைன் முழுக்கக் காய்ந்து சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "கசிவு இல்லை" என்று சொல்லிவிடுகிறோம்.

இரண்டு பக்கத்தையும் பிரிக்க எளிய வழி உண்டு. பத்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, கேபினுக்குப் பின்னால் நன்றாகக் கட்டிவைத்தோம். ஃபீட் பம்ப் உறிஞ்சும் ஹோஸையும் மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனையும் அந்தக் கேனுக்குள் விட்டோம். டேங்க்குக்கும் என்ஜினுக்கும் இப்போது தொடர்பே இல்லை. அதே மூட்டை, அதே பாதை, அதே ஓட்டுநர். பன்னிரண்டாவது வளைவு வரை போய்த் திரும்பினோம். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

பம்ப், நாசில், ஃபில்டர், ஃபீட் பம்ப் நாலும் குற்றமற்றவை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அன்று மாலை உரிமையாளருக்குப் போன் செய்து, பம்புக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடவேண்டாம் என்று சொன்னேன். அந்த முடிவு சரி. அடுத்து நான் எடுத்த முடிவுதான் தவறு.

முதல் பழுதுபார்ப்பும் அதில் நடந்த தவறும்

டேங்க் லைனைத் திரும்ப மாட்டி, ஃபீட் பம்புக்கு முன்னால் ஓரடி நீளத்துக்கு ஒளி ஊடுருவும் ஹோஸ் வைத்தேன். என்ஜின் ஓடும்போது அதில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் போவது கண்ணுக்குத் தெரிந்தது. சேசிஸ் ஓரமாக வரும் ரப்பர் ஹோஸைத் தடவிப் பார்த்தால் மேலெல்லாம் வெடிப்பு. இதுதான் என்று முடிவுசெய்தேன். ஹோஸ், கிளிப், லைனை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்கள் எல்லாம் புதிதாகப் போட்டோம். 1,100 ரூபாய்.

வேலை முடிந்து நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் ஓட்டுநர் பக்கத்து பங்க்குக்குப் போய் டேங்க் ஃபுல் செய்துகொண்டு வந்தார். மலையேற வேண்டியவர், அவர் செய்ததில் தவறில்லை. சாப்பிட்டு வந்து ஹோஸைப் பார்த்தேன், ஒரு குமிழ்கூட இல்லை. மலைக்கு ஒருமுறை போய்வந்தோம், வெண்ணெய் மாதிரி ஏறியது. சரி, முடிந்தது என்று அனுப்பிவிட்டேன்.

குமிழ் நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று புது ஹோஸ், இன்னொன்று நிரம்பிய டேங்க். ஒரே நேரத்தில் இரண்டும் மாறியிருந்தன. எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது.

பதினோரு நாள் கழித்து ஒன்பதாவது வளைவில் வண்டி மறுபடி நின்றது.

டீசல் நோட்டு

ஓட்டுநர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க கேன் வெச்சு ஓட்டினப்ப ஒண்ணும் ஆகல. டேங்க்ல வெச்சாத்தான் ஆகுது. அப்ப டேங்க்லதான இருக்கு?" என்றார். அவர் சொன்னதுதான் சரியான கேள்வி.

வண்டியின் டீசலெல்லாம் ஒரே பங்க்கில் கணக்கு வைத்துப் போடுவது. அந்த நோட்டு டேஷ்போர்டில் இருந்தது. தேதி, கிலோமீட்டர், லிட்டர். ஆகஸ்டிலிருந்து எல்லாப் பக்கத்தையும் பெஞ்சின் மேல் விரித்து, வண்டி திக்கிய நாட்களை அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்லிப் பக்கத்தில் குறித்தேன். திக்கிய ஒவ்வொரு நாளுக்கும் அன்று மாலையிலோ மறுநாள் காலையிலோ டேங்க் ஃபுல் செய்யப்பட்டிருந்தது. போட்ட அளவு 31, 33, 34 லிட்டர் என்று வந்தது. டேங்க்கின் கொள்ளளவு 60 லிட்டர்.

ஒரு நடை போய்வர எட்டு ஒன்பது லிட்டர் ஆகும். மூன்று நடையில் 26 லிட்டர் போல. நாலாவது நடை ஏறும்போது பாதி மலையில் டேங்க் பாதிக்கு வரும். அங்கேதான் திக்கியது. இறங்கும்போது திக்காது, ஏனென்றால் இறக்கத்தில் டீசல் தேவையும் குறைவு, டேங்கில் இருப்பது முன்பக்கம் ஓடி வந்துவிடும். கீழே வந்ததும் டேங்க் ஃபுல். ஃபில்டர் மாற்றிய நாள், நாசில் சர்வீஸ் செய்த நாள், நான் ஹோஸ் மாற்றிய நாள், இந்த மூன்று நாளும் நோட்டில் டேங்க் ஃபுல் நாள்களாகவே இருந்தன. ஒவ்வொரு பட்டறையும் சரிசெய்ததாக நம்பியதற்கு அதுதான் காரணம். மீட்டர் முள் வேலை செய்திருந்தால் ஓட்டுநரே இதை முதல் மாதத்தில் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

டேங்க்கைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை

இந்த முறை அவசரப்படக் கூடாது என்று இருந்தேன். டீசல் முழுவதையும் வடித்துவிட்டு, அளந்து 20 லிட்டர் மட்டும் ஊற்றினோம். சமதளத்தில் என்ஜினை ஓடவிட்டு ஹோஸைப் பார்த்தோம். குமிழ்கள் தொடர்ந்து போயின. ஐந்து லிட்டர் சேர்த்தோம், 25. குமிழ் குறைந்தது, நிற்கவில்லை. இன்னும் ஐந்து, 30. குமிழ் அடியோடு நின்றது.

அதே 30 லிட்டரோடு முன்சக்கரங்களை ஒன்றரை அடி உயர ரேம்ப்பில் ஏற்றினோம், மலையேறுகிற சாய்வு வருமாறு. குமிழ்கள் திரும்ப வந்தன. பட்டறைப் பையன்கள் இரண்டு பேரையும் அருகில் கூப்பிட்டு ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வண்டியே இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம்.

டேங்க்குக்குள் இருந்தது

டேங்க்கின் மேல்பக்கத் தகட்டிலிருந்து உறிஞ்சும் குழாய் ஒன்று அடிவரை இறங்குகிறது. இந்த வண்டியில் அது டேங்க்கின் நடுவிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கிறது. ஆகவே ஏற்றத்தில் டீசல் பின்பக்கம் ஓடும்போது குழாயைச் சுற்றியுள்ள மட்டம் இறங்கும்.

குழாயை வெளியே எடுத்துத் துடைத்தபோது, அடியிலிருந்து சுமார் 13 சென்டிமீட்டரில் பட்டையாகத் துரு ஏறியிருந்தது. கீழ்முனையை விரலால் அடைத்து, டீசல் வாளியில் முக்கி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று கொடுத்தோம். துருப் பட்டையின் நடுவில் குண்டூசி முனை அளவு ஓட்டையிலிருந்து குமிழ் கிளம்பியது.

டீசல் மட்டம் இந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஓட்டை வழியாகவும் டீசலே உள்ளே போகும், யாருக்கும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் காற்று போகும். டீசலைத் தூக்குவதைவிடக் காற்றை இழுப்பது பம்புக்கு எளிது, அதனால் சின்ன ஓட்டையே போதும்.

துரு ஏன் அங்கே? வண்டி இரவில் நிற்பது மேலே, தோட்டத்தில். மழைக்காலத்தில் பனிமூட்டமும் குளிரும். டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் தகட்டிலும் குழாயிலும் வியர்த்து வழியும். இந்த டேங்க் எப்போதும் முழுமைக்கும் பாதிக்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. பாதிக்குக் கீழே இருந்த குழாய் எப்போதும் டீசலுக்குள் மூழ்கிப் பாதுகாப்பாக இருந்தது. அதற்குச் சற்று மேலே நனைந்தும் காய்ந்தும் அரித்திருக்கிறது. இது என் கணிப்பு, ஆனால் டேங்க்கின் அடியில் கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணீரும் துருச் சேறும் இருந்தது அதோடு ஒத்துப்போகிறது.

சரிசெய்த விதம்

அந்த மாடலுக்குப் புதுக் குழாய் கடையில் கிடைக்கவில்லை. பழைய மேல்தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதே விட்டத்தில் எஃகுக் குழாய் வெட்டி, செவ்வாய்ப்பேட்டையில் பித்தளை வைத்துப் பற்றவைத்தோம். வளைக்க எளிது என்று செம்புக் குழாய் போடச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. செம்பு பட்டால் டீசல் சீக்கிரம் கெட்டுப் பிசின் கட்டும். டேங்க்கின் மேல் வெல்டிங் வைக்கவே இல்லை, பற்றவைப்பு முழுவதும் வெளியே எடுத்த தகட்டில்தான். காலி டேங்க்கிலும் ஆவி இருக்கும், நெருப்போடு அதன் அருகில் போகக் கூடாது.

டேங்க்கை டீசலால் மூன்று முறை அலசினோம், ஃபில்டர் மாற்றினோம், மீட்டர் மிதவையையும் சரிசெய்தோம். பொருளும் பற்றவைப்பும் 1,850 ரூபாய். இரண்டாம் முறைக்குக் கூலி வாங்கவில்லை, முதல் முறையே நான் பிடித்திருக்க வேண்டியது.

பிறகு 15 லிட்டர் மட்டும் டேங்கில் விட்டு, ஒரு டன் ஏற்றி, நானே கூடப்போனேன். அகலமான மூன்று இடங்களில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஹோஸைப் பார்த்தோம். குமிழ் இல்லை. இருபதாவது வளைவைத் தாண்டியபோது ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை, ஹாரனை ஒருமுறை அடித்தார்.

மாற்றிக்கொண்டவை

வேலைச் சீட்டில் இப்போது முதல் வரியே டேங்கில் எத்தனை லிட்டர் என்பதுதான். முள் வேலை செய்யாத வண்டி என்றால் குச்சி விட்டு அளக்கிறோம். பழுது தெரிந்த அதே அளவு டீசலோடு, அதே பாரத்தோடு, அதே சாய்வில் மறுபடி ஓட்டிப் பார்க்கும்வரை வண்டியை அனுப்புவதில்லை. இதற்குக் கூடுதலாக அரை நாள் ஆகிறது, சில வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை. சோதனை முடியும்வரை டீசல் போடவேண்டாம் என்று ஓட்டுநர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேலே இரவு நிற்கும் வண்டிகளுக்கு மாலையே டேங்க்கை நிரப்பிவிடச் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் டேங்க் அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைத் தளர்த்தித் தண்ணீர் பார்க்கவும் சொல்கிறேன்.

அடுத்த மழைக்காலம்

அந்த அறுவடை முழுக்க வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் ஒரு காலை ஓட்டுநர் போன் செய்தார். "தம்பி, ஆறாவது வளைவுல லேசா திக்குது. டேங்க்ல நாப்பது லிட்டர் இருக்கு, முள்ளும் அதையேதான் காட்டுது. கரும்புகை இல்ல. நேத்து தோட்டத்து பேரல்ல இருந்து டீசல் ஊத்தினோம்."

நாற்பது லிட்டர் என்றதும் குழாய் இல்லை என்று தெரிந்தது. ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறக்கச் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. வண்டி மலையிலேயே சரியாகி, மதியத்துக்குள் மூட்டையை இறக்கிவிட்டது.